வாசலில் காய்ந்த கிளை

சென்ற ஐப்பசியில், ஜெர்மனியில் வாழும் நம் குழு நண்பர் ஒருவர் புகைப்படம் ஒன்றை அனுப்பியிருந்தார். வீட்டுக் கதவின் நடுவில் ஒரு வளையம். பழுப்பேறிய ஓக் இலைகள், காட்டு ரோஜாவின் சிவந்த காய்கள், பைன் காய்கள், பெயர் தெரியாத புல்லின் கதிர்கள். படத்தைப் பார்த்ததும் நம்மில் மூத்தவர் கேட்ட முதல் கேள்வி, "அவர் வீட்டில் யார் தவறிவிட்டார்கள்?" என்பதுதான்! அவரைக் குறை சொல்வதற்கில்லை. மலர்வளையம் என்ற சொல் இன்றைய தமிழில் துக்க வீட்டு வாசலோடு தங்கிவிட்டது. ஆகவே இக்கட்டுரையில் இலைவளையம் என்றே எழுதுகிறோம்.

நண்பர் சிரித்துவிட்டு விளக்கினார். இலையுதிர் காலம் வந்தால் அங்கே பலர் இப்படிச் செய்வார்களாம். குழந்தைகளை அழைத்துக்கொண்டு காட்டுப் பாதையில் நடப்பது, உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்குவது, வீட்டுக்கு வந்து கட்டுவது. கொடியைப் பச்சையாக இருக்கும்போதே வளைத்து முறுக்கிவிட வேண்டும்; காய்ந்தபின் வளைத்தால் முறிந்துவிடும். பிறகு இலைகளையும் காய்களையும் சிறு கொத்துகளாக்கி, எல்லாவற்றையும் ஒரே திசையில் சாய்த்து, முதல் கொத்தின் காம்பை அடுத்த கொத்து மறைக்கும்படி மெல்லிய கம்பியால் சுற்றிக்கொண்டே போகவேண்டும். பூக்கட்டத் தெரிந்த நம் வீட்டுப் பெண்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசியாக ஒரு வாக்கியம் சொன்னார்: "கிரேக்கர் காலத்திலிருந்து அறுபடாமல் வரும் வழக்கமாம். கைவினைப் புத்தகத்தில் போட்டிருக்கிறது."

அந்த வாக்கியம்தான் நம்மை உறங்கவிடவில்லை. அறுபடாமல் என்றால் எதை வைத்து? கல்லும் செம்பும் நிலைக்கும். இலையும் கொடியும் ஓராண்டில் உதிர்ந்து குப்பையாகிவிடுமே! கெட்டுப்போவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருளுக்கு வரலாறு எழுத முடியுமா?

தேடத் தொடங்கியபோது முதலில் எதிர்ப்பட்டது வளையம் அல்ல, ஒரு கிளை. ஏதென்ஸ் நகரத்தார் பியானோப்சியோன் என்ற மாதத்தின் ஏழாம் நாளில், ஏறக்குறைய நம் அக்டோபரில், அப்போலோ தெய்வத்துக்குப் பியானோப்சியா என்னும் விழா எடுத்தார்கள். அந்த நாட்டில் இந்தப் பருவம் காடெல்லாம் சிவந்து உதிரும் பருவமன்று. கோடை வறட்சி முடிந்து முதல் மழையை எதிர்பார்க்கும் காலம். ஏர் பூட்டும் காலம். பலவகைப் பயறுகளை ஒரே பானையில் வேகவைத்து எல்லோரும் உண்பார்கள். விழாவின் பெயரே அவித்த பயற்றிலிருந்து வந்ததுதான். கூடவே ஓர் ஒலிவ மரக் கிளையை ஒடித்து வந்து, கம்பளி இழைகளை அதன்மேல் சுற்றி, அத்திப்பழம், சிறு அப்பங்கள், தேனும் எண்ணெயும் மதுவும் நிறைந்த சிறு குப்பிகள் ஆகியவற்றைத் தொங்கவிடுவார்கள். கிளைக்கு ஐரெசியோனே என்று பெயர். கம்பளியைக் குறிக்கும் சொல் அதற்குள் இருக்கிறது. தாயும் தந்தையும் உயிரோடிருக்கும் சிறுவன் ஒருவன் அதனை ஏந்திச் சென்று அப்போலோ கோயில் வாயிலில் வைப்பான். வீட்டு வாசல்களிலும் அத்தகைய கிளைகள் ஏறும். அடுத்த ஆண்டு புதுக்கிளை வரும்வரை பழையது அங்கேயே இருக்கும்.

கம்பளி சுற்றிய ஒலிவக் கிளைக்குக் கிரேக்கரிடம் வேறொரு பொருளும் உண்டு. அடைக்கலம் கேட்டு வருபவன் கையில் ஏந்துவது அது. அலங்காரத்துக்கு எடுத்த பொருளாக இருந்திருந்தால் இந்தக் கிளையைத் தேர்ந்திருக்க மாட்டார்கள் என்றே எண்ணுகிறோம். ஆண்டு முழுவதும் பசி வராதிருக்க வேண்டும் என்று கதவே கையேந்தி நின்றது போலத்தான் நமக்குத் தோன்றுகிறது.

இதற்கெல்லாம் சான்று எங்கே? இங்குதான் நமக்கு வியப்பு! மிகப் பழைய சான்றுகள் கோயிலிலிருந்து வரவில்லை. நகைச்சுவை நாடகத்திலிருந்து வருகின்றன. கி.மு. 424ல் மேடையேறிய அரிஸ்டோஃபேனஸின் 'குதிரை வீரர்கள்' நாடகத்தில், வாசலில் இருவர் போடும் கூச்சலைக் கேட்டு வெளியே வரும் கிழவர், தம் ஐரெசியோனேயைப் பிய்த்துப்போட்டுவிட்டார்களே என்று கத்துகிறார். இரண்டாண்டு கழித்து வந்த 'குளவிகள்' நாடகத்தில், வழக்கு மன்றத்துக்குப் போயே தீருவேன் என்று சாளரம் வழியாகக் கயிற்றில் இறங்கும் தந்தையைத் தடுக்க, அந்தக் கிளையாலேயே அவரை அடிக்கச் சொல்லி வேலைக்காரனை ஏவுகிறான் மகன். கி.மு. 388ஐச் சேர்ந்த 'செல்வம்' நாடகத்திலோ, ஒரு மூதாட்டி தீப்பந்தத்தைத் தன்னருகே கொண்டுவர வேண்டாமென அலற, ஒரு பொறி பட்டாலும் பழைய ஐரெசியோனே போலப் பற்றிக்கொள்வாள் என்று பக்கத்திலிருப்பவர் கிண்டல் செய்கிறார். கொடுமையான நகைச்சுவைதான். ஆனால் சரித்திரத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. முதலிரண்டு நாடகங்களும் குளிர்கால விழாவான லெனாயாவில், சனவரி இறுதியை ஒட்டி நடிக்கப்பட்டவை. அக்டோபரில் கட்டிய கிளை, மூன்று மாதம் கழித்தும் வாசலில் காய்ந்து கிடந்தது என்பதும், பார்வையாளர் அத்தனை பேரும் அதைத் தத்தம் வீட்டில் கண்டிருந்தார்கள் என்பதும் ஐயமின்றித் தெரிகிறது. தெரியாத பொருளைப் பற்றிச் சொன்னால் யார் சிரிப்பார்கள்?

காரணக் கதை சொல்வோர் பின்னாளில் வருகிறார்கள். அரிஸ்டோஃபேனஸுக்கு 500 ஆண்டுகள் பிற்பட்ட புளூடார்க், விழாவைத் தீசியஸ் மன்னனோடு இணைக்கிறார். கிரேத்தா தீவின் மினோடாரைக் கொன்று மீண்ட தீசியஸ், கப்பலில் வெள்ளைப் பாய் ஏற்ற மறந்தான்; கறுப்புப் பாயைக் கண்ட தந்தை ஏஜியஸ், மகன் இறந்தான் என்று பாறையிலிருந்து விழுந்து மாண்டார். மீண்டவர்கள் எஞ்சியிருந்த தானியங்களையெல்லாம் ஒரே பானையில் இட்டுச் சமைத்து உண்டார்கள். பஞ்சம் நின்றதன் அடையாளமாகக் கிளையைக் கனிகளால் நிறைத்தார்கள் என்கிறார். வேறு காரணம் சொல்வோரும் உண்டு என்று அவரே ஒப்புக்கொள்கிறார். இதே இடத்தில் அவர் சொல்லும் சிறு செய்தி ஒன்று நம் மனத்தைவிட்டு அகலவில்லை. நல்ல செய்தி சொல்ல நகருக்குள் வந்த தூதனுக்கு மக்கள் மாலை சூட்டப் போகிறார்கள். அரசர் இறந்ததை அறிந்த அவன் அந்த மாலைகளைத் தலையில் சூடாமல் தன் கைக்கோலில் சுற்றிக்கொள்கிறான்.

கிளையிலிருந்து வளையத்துக்கு வருவோம். ஒலிம்பியாவில் வென்றவனுக்குப் பொன்னோ நிலமோ பரிசில்லை. காட்டு ஒலிவத்தின் தழையால் ஆன வளையம் மட்டுமே. அதற்கென ஒரே ஒரு மரம் உண்டு. 'அழகிய மகுடங்களின் மரம்' என்ற பொருளில் அதனை அழைத்தார்கள். பொன் அரிவாள் கொண்டு அதன் கிளைகளை அறுத்தவனும் பெற்றோர் இருவரும் உயிரோடிருக்கும் சிறுவனே என்று பிண்டாரின் பாடல்களுக்கு எழுதப்பட்ட பழைய உரை கூறுகிறது. நம் மங்கல வினைகளில் சுமங்கலிப் பெண்களைத் தேடுவது நினைவுக்கு வருகிறதல்லவா? எந்த மரம் என்பது எப்படி முடிவாயிற்று? ஆப்பிள் வேண்டாம், சிலந்தி வலை படர்ந்த காட்டு ஒலிவத்தைக் கொள்ளுங்கள் என்று டெல்பியின் அருள்வாக்கு சொன்னதாக, கி.பி. இரண்டாம் நூற்றாண்டினரான ஃபிளெகோன் எழுதியிருக்கிறார்.

உரோமரிடம் இந்த எண்ணம் இன்னும் கூர்மையானது. அவர்களது படையில் பொன் மகுடங்களும் இருந்தன. ஆனால் எல்லாவற்றினும் உயர்ந்தது புல் மகுடம்! முற்றுகையில் சிக்கி அழியவிருந்த ஒரு படை முழுவதையும் காத்தவனுக்கு, காக்கப்பட்ட வீரர்களே கொடுப்பது. சிக்கிய அதே நிலத்தில் கைக்குக் கிடைத்த புல்லையும் களையையும் பிடுங்கிக் கட்டுவது. சந்தையில் வாங்கிய மலருக்கு அங்கே இடமில்லை. கி.பி. 79ல் மறைந்த மூத்த பிளினி, அதைப் பெற்றவர்களை விரல்விட்டு எண்ணிச் சொல்கிறார். பேபியஸ், சுல்லா போன்ற பெரும் பெயர்களுக்கிடையே பெத்ரேயஸ் என்ற நூற்றுவர் தலைவன் ஒருவனும் அந்தப் பட்டியலில் நிற்கிறான்.

இத்தனை பொருள் ஏறிய ஒன்று பகையைச் சம்பாதிக்காமல் இருக்குமா? கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜ் நகரத்துக் கிறித்தவரான தெர்த்துல்லியன் மகுடங்களுக்கு எதிராகவே ஒரு நூல் எழுதினார். பேரரசரின் கொடையைப் பெற வீரர்கள் தலையில் தழை சூடி வரிசையில் வருகையில், ஒருவன் மட்டும் அதைக் கையில் வைத்திருக்கிறான், பிடிபடுகிறான். அவனுக்காக எழுதிய நூல் அது. தலையில் சூடாமல் கையில் பிடித்த மாலை! தீசியஸின் தூதனை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை.

அன்று சிறுபான்மையாக இருந்தவர்களின் வாதம் பின்னர் அரசின் சட்டமாயிற்று. கி.பி. 392, நவம்பர் 8 அன்று பேரரசர் தியோடோசியஸின் ஆணை கான்ஸ்டாண்டிநோபிளில் பிறந்தது. வீட்டுத் தெய்வங்களுக்கு விளக்கேற்றக்கூடாது, தூபமிடக்கூடாது, மாலை தொங்கவிடக்கூடாது. மரத்துக்குக் கச்சை சுற்றி வணங்கினால் அந்த வீடோ நிலமோ பறிமுதல். கம்பளி சுற்றிய கிளைகளை வாசலில் கட்டிய மக்களின் வழித்தோன்றல்களுக்கும் இதே ஆணைதான். இலையையும் கொடியையும் கண்டு ஒரு பேரரசு அஞ்சியதா என்று சிரிக்கத் தோன்றும். வீட்டை இழந்தவன் சிரித்திருக்கமாட்டான்.

ஆக, அறுபடாத வழக்கம் என்ற கூற்று இந்த இடத்தில் வலுவிழக்கிறது. பிறகு அதை ஒட்டவைத்தது யார்? டான்சிக் நகரில் வாழ்ந்த வில்ஹெல்ம் மன்ஹார்ட் என்ற ஜெர்மானிய அறிஞர் மேல்தான் நமக்கு ஐயம். குற்றமாகச் சொல்லவில்லை, அவர் உழைப்பு மலைக்கவைப்பது. அறுவடைச் சடங்குகள் பற்றி 1865ல் கேள்வித்தாள் அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பினார். போர்க் கைதிகளாக டான்சிக்குக் கொண்டுவரப்பட்ட டேனிஷ், ஆஸ்திரிய, பிரெஞ்சு வீரர்களைக்கூட விடாமல், உங்கள் ஊரில் கடைசிக் கதிர்க்கட்டை என்ன செய்வீர்கள் என்று விசாரித்தார்! கதிர்களால் அலங்கரித்த கிளையைக் கடைசி வண்டியில் ஏற்றிவந்து, பண்ணை வீட்டுக் கூரையில் செருகி, ஓராண்டு விட்டுவைக்கும் வழக்கம் அவருக்குக் கிடைத்தது. அதையும் ஐரெசியோனேயையும் அருகருகே வைத்து 1877ல் எழுதினார். 1890ல் வெளியான ஃபிரேசரின் 'தங்கக் கிளை' அந்த ஒப்பீட்டை உலகறியச் செய்தது. ஒப்பீடாகத் தொடங்கியது, கைவினைப் புத்தகங்களுக்கு வந்து சேர்வதற்குள் வம்சாவளியாகிவிட்டது.

ஒப்புமை வேறு, உறவு வேறு. கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முந்தைய நாள் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ ஆகியவற்றைக் கொத்தாக்கிக் கூரையில் செருகும் காப்புக்கட்டு, ஐரெசியோனேக்கு மேற்சொன்ன எதையும்விடக் குறைந்த ஒப்புமை உடையதா என்ன? அதுவும் காட்டிலும் மேட்டிலும் பறித்ததுதான். அதுவும் அங்கேயே காய்வதுதான். அதற்காக ஏதென்ஸிலிருந்து ஈரோட்டுக்குப் பாதை போட்டால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். பருவம் திரும்புகையில் விளைந்ததில் கொஞ்சம் வாசலில் வைக்க வேண்டும் என்று உழவன் எங்கும் தானே நினைத்திருக்கலாம்.

இதையெல்லாம் நண்பருக்கு எழுதினோம். அறுபட்டதாகவே இருக்கட்டும், அடுத்த ஆண்டும் கட்டுவேன் என்று பதில் வந்தது. கூடவே, ஏதென்ஸுக்குப் போகும் எண்ணம் இருப்பதாகவும் எழுதியிருந்தார். போனால், பெரிய தலைமைத் தேவாலயத்தின் அருகே ஒடுங்கி நிற்கும் சிறிய மெட்ரோபோலிஸ் என்ற கோயிலைத் தவறவிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். பழங்காலக் கட்டடங்களின் பளிங்குத் துண்டுகளால் எழுப்பிய சிறு தேவாலயம் அது. பழைய ஏதென்ஸின் விழா நாட்களை மாத வரிசையில் செதுக்கிய ஒரு சிற்பப் பட்டை, இடையிடையே சிலுவைகள் பொறிக்கப்பட்டு, அதன் முகப்பில் பதிக்கப்பட்டிருக்கிறது. அதில் பியானோப்சியோன் மாதத்துக்குரிய உருவமாக அறிஞர்கள் அடையாளம் கண்டிருப்பது ஒரு சிறுவனை. அவன் கையில் ஐரெசியோனே. பட்டை இருக்குமிடம், வாசலுக்கு மேலே.