தொழிற்பேட்டைகளில் மாசுக் கண்காணிப்பு: கருவியும் குடிமக்களும்

திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை, வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற பகுதிகளில் மாசுக் கட்டுப்பாடு என்பது குடிநீருக்கும் சாலைக்கும் நிகரான அன்றாடப் பொதுச்சேவை. மிகுந்த மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழிற்சாலைகள் இணையவழித் தொடர் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் உத்தரவிட்டது. அதிகாரி வந்த நாளில் எடுத்த மாதிரியை மட்டும் நம்பியிருந்த நிலையிலிருந்து இது பெரிய முன்னேற்றம். ஆனால் கருவி, பொருத்திய இடத்தில், அளக்கப் பணித்த பொருளை மட்டுமே அளக்கும். கூரை இடுக்கில் கசியும் புகையும், மழையைச் சாக்கிட்டு ஓடையில் திறந்துவிடும் கழிவும் அதன் கணக்கில் ஏறுவதில்லை. பட்டியலுக்கு வெளியே உள்ள சிறு ஆலைகளுக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. இந்த இடைவெளியை அடைக்கும் அறிவு ஆலையைச் சுற்றி வாழ்பவர்களிடம் இருக்கிறது.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே வலுவான சான்று உண்டு. கடலூர் சிப்காட்டைச் சுற்றிய கிராம மக்கள் 2004இல் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். எந்த நேரத்தில், எந்தப் பக்கக் காற்றில், என்ன வாடை வந்தது, கண் எரிந்ததா, மூச்சு முட்டியதா என்று எழுதிவைத்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்த பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கும் அனுப்பினார்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை உட்படப் பல நச்சுப்பொருள்கள் அதில் தென்பட்டன. வாளி எளிய பொருள்தான். அதை எந்த இரவில், எந்தத் தெருவில் திறக்க வேண்டும் என்று தெரிந்திருந்ததே அரிய விஷயம்.

மக்களின் புகார்களையும் கண்காணிப்பில் சேர்க்கலாம் என்றால், வாடை ஆளுக்கு ஆள் மாறும், பகைமையாலும் புகார் வரும் என்பது ஆலை உரிமையாளர்களின் மறுப்பு. ஒற்றைப் புகாரைப் பொறுத்தவரை அது நியாயமே. ஆனால் ஒரே இரவில், ஒரே காற்றுத்திசையில், தொடர்பில்லாத பல வீடுகள் ஒரே வாடையைச் சொன்னால் அதைப் பகை என்று தள்ள முடியாது. மேலும், புகாரை வைத்து யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. எங்கே, எப்போது மாதிரி எடுப்பது என்பதற்கே அது வழிகாட்டி. புகார்களைக் கைபேசிச் செயலி வழியே பெற்றால் அது முதியோரை ஒதுக்கிவிடும் என்ற கவலையும் உண்மையானது. சாதாரண அழைப்பிலேயே புகாரை ஏற்கும் முதலமைச்சர் உதவி மைய எண் 1100, ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் ஆகியவை அதனால்தான் செயலிகளுக்குப் பின்னும் தொடர வேண்டும். எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு: மனுவுக்குப் பதில் அனுப்பியதையே தீர்வாகக் கணக்கிடும் வழக்கம். புகார் வந்த மணிநேரத்தின் கருவிப் பதிவையும், அதிகாரி எடுத்த மாதிரியின் முடிவையும் ஒரே பக்கத்தில் வைத்து மனுதாரருக்குக் காட்டும் வரை அந்த மனுவை முடித்துவைக்கக் கூடாது.