ஐல் ராயல் மூஸ் மான் நடைப்பயணம்

ஐல் ராயல் மூஸ் மான் நடைப்பயணம் என்பது வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் உள்ள ஐல் ராயல் தேசியப் பூங்காவுக்கு வழிகாட்டியுடன் சிறு குழுவாகச் சென்று, பல நாள் நடந்து, காட்டிலேயே கூடாரமடித்துத் தங்கி, மூஸ் மான்களை அவற்றின் வாழிடத்தில் காணும் பயணமாகும். மூஸ் மான்களைக் காட்டும் பயணங்கள் சுவீடன், கனடா, அலாஸ்கா, மெய்ன் ஆகிய இடங்களிலும் உண்டு. அவற்றில் பல வண்டியிலோ படகிலோ அமர்ந்து பார்ப்பவை. ஐல் ராயல் தீவுக்குள் சாலை கிடையாது. நடந்தோ துடுப்புப் படகிலோதான் உள்ளே செல்ல முடியும். மூஸ் மானும் ஓநாயும் காடும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பது 1958 முதல் தொடர்ந்து ஆராயப்பட்டு வரும் இடம் என்பதால், இங்கே நடப்பவர் காணும் ஒவ்வொரு தடயத்துக்கும் பின்னால் பல பத்தாண்டு ஆய்வு இருக்கிறது.

தீவு

ஐல் ராயல், மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்தது. சுமார் 72 கிலோமீட்டர் நீளமும், அகன்ற இடத்தில் 14 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. வடகிழக்கிலிருந்து தென்மேற்காக இணையாக ஓடும் பாறை முகடுகளும், அவற்றுக்கு இடையே நீண்டு கிடக்கும் ஏரிகளும் சதுப்பு நிலங்களும் அதன் அமைப்பு. மிக உயரமான இடமான டேசர் மலை கடல் மட்டத்திலிருந்து 425 மீட்டர். ஒஜிப்வே மக்கள் இத்தீவை மினாங் என்று அழைக்கிறார்கள். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பூர்வகுடிகள் இங்கே செம்பு தோண்டி எடுத்த குழிகளை இன்றும் காணலாம்.

1931இல் அமெரிக்கக் காங்கிரசு இதைத் தேசியப் பூங்காவாக்க ஒப்புதல் தந்தது. 1940இல் பூங்கா முறையாக அமைந்தது. 1976இல் அதன் நிலப்பரப்பில் ஏறத்தாழ 99 விழுக்காடு சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வனாந்தரமாக அறிவிக்கப்பட்டது. 1980இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது.

கரையிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால் இங்கே வந்து சேர்ந்த விலங்கினங்கள் குறைவு. எதிர்க் கரையில் 40க்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்கள் வாழ, தீவில் அதில் பாதி அளவே உள்ளன. கரடியும் வெள்ளைவால் மானும் இங்கே இல்லை. முன்பு வாழ்ந்த கரிபூ மான், லிங்க்ஸ் பூனை, கொயோட்டி ஆகியவை 20ஆம் நூற்றாண்டில் மறைந்துவிட்டன. பெரிய தாவர உண்ணியாக மூஸும் அதை வேட்டையாடும் விலங்காக ஓநாயும் மட்டுமே இருக்கின்றன. வேட்டைக்கு வரும் மனிதரும் இல்லை. ஆய்வாளர்களை இத்தீவு ஈர்த்ததற்கு இந்த எளிய அமைப்பே காரணம்.

மூஸ் மான்

மூஸ், மான் குடும்பத்திலேயே மிகப் பெரியது. ஆல்செஸ் ஆல்செஸ் என்பது அதன் அறிவியல் பெயர். தோள் உயரம் ஏறத்தாழ 1.8 மீட்டர், முதிர்ந்த ஆணின் எடை 450 கிலோவை எட்டும். நீண்ட கால்கள், தோள் மேல் திமில், தொங்கும் மேலுதடு, கழுத்துக்குக் கீழே ஆடும் தாடித்தோல் ஆகியவை அதன் அடையாளங்கள். கொம்பு ஆணுக்கு மட்டுமே உண்டு. விரித்த உள்ளங்கை போன்ற அக்கொம்பு குளிர்காலத்தில் உதிர்ந்து, வசந்தத்தில் மென்மயிர்த் தோல் போர்த்தியபடி மீண்டும் முளைத்து, இலையுதிர் காலத்துக்குள் முழு அளவை அடைகிறது. இணைசேரும் காலம் செப்டம்பர் இறுதியும் அக்டோபர் தொடக்கமும். சுமார் எட்டு மாதச் சினைக்குப் பின் மே, ஜூன் மாதங்களில் கன்று பிறக்கிறது.

கோடையில் இலை தழைகளையும் நீர்த் தாவரங்களையும் தின்கிறது. நிலத்துத் தழைகளில் சோடியம் மிகக் குறைவு. நீர்த் தாவரங்களில் அது அதிகம். ஆகவே ஜூன், ஜூலை மாதங்களில் ஏரிகளில் மூஸைக் காணும் வாய்ப்பு கூடுகிறது. மார்பளவு நீரில் நின்று தலையை முழுதாக அமிழ்த்தி, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, அடியிலிருக்கும் தண்டுகளைப் பிடுங்குகிறது. தலையை உயர்த்தும்போது தாடித்தோலிலிருந்தும் காதுகளிலிருந்தும் நீர் ஒழுகும் சத்தம் அமைதியான காலையில் ஏரியின் மறுகரைக்கும் கேட்கும்.

குளிர்காலத்தில் அதன் முக்கிய உணவு பால்சம் ஃபர் மரத்தின் கிளை நுனிகள். வெப்பத்தைத் தாங்க முடியாத விலங்கு இது. ஆகவே கோடைப் பகலில் நிழலிலோ ஈரமான சதுப்பிலோ படுத்துவிடும். வைகறையும் அந்தியுமே அது வெளியே வந்து மேயும் நேரங்கள்.

தீவில் மூஸும் ஓநாயும்

மூஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவை அடைந்தது. ஏரியை நீந்திக் கடந்து வந்தது என்பது நெடுநாள் நம்பிக்கை. மனிதர் கொண்டுவந்து விட்டிருக்கலாம் என்ற கருத்தும் ஆய்வாளர்களிடம் உண்டு. வேட்டையாட எந்த விலங்கும் இல்லாததால் அவை பெருகின. உயிரியலாளர் அடால்ஃப் மியூரி 1929, 1930 ஆண்டுகளில் தீவை ஆராய்ந்து, உணவு தீர்ந்து மான்கள் மடியும் என்று எச்சரித்தார். 1930களில் அது நடந்தது. 1936இல் பெருந்தீ தீவின் ஒரு பெரும் பகுதியை அழித்தது. எரிந்த இடங்களில் முளைத்த பிர்ச்சும் ஆஸ்பெனும் மூஸுக்கு மறுபடி தீவனமாயின.

1940களின் இறுதியில், ஏரி உறைந்த ஒரு குளிர்காலத்தில், ஓநாய்கள் பனிக்கட்டி மேல் நடந்து தீவுக்கு வந்தன. பர்டியூ பல்கலைக்கழகத்தின் டர்வர்ட் ஆலன் 1958இல் இரு விலங்குகளையும் சேர்த்து ஆராயத் தொடங்கினார். பின்னர் ரால்ஃப் பீட்டர்சன், ஜான் வூசெடிச் ஆகியோர் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து அதைத் தொடர்ந்தனர். கொன்றுண்ணியும் இரையும் பற்றி உலகில் நீண்ட காலம் தொடரும் ஆய்வு இதுவே.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு நிலையான சமநிலை உண்டு என்ற தொடக்க கால எண்ணத்தை அந்த ஆய்வே மாற்றியது. 1980களின் தொடக்கத்தில், மனிதரோடு வந்த நாயிடமிருந்து பரவியதாகக் கருதப்படும் பார்வோ வைரஸ் தாக்கி, ஓநாய்கள் 50இலிருந்து 14ஆகக் குறைந்தன. அதன் பின் பெருகிய மூஸ்கள் ஏறத்தாழ 2,400ஐ எட்டின. 1996இன் கடுங்குளிர், உண்ணித் தொல்லை, தீவனப் பற்றாக்குறை மூன்றும் ஒன்றுசேர, 1997இல் எஞ்சியவை சுமார் 500. ஓநாய்களோ நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்ந்து முதுகெலும்புக் குறைபாடுகளுடன் நலிந்து, 2016இல் இரண்டே இரண்டு என்ற நிலைக்கு வந்தன.

2018, 2019 ஆண்டுகளில் தேசியப் பூங்காச் சேவை 19 ஓநாய்களை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டது. 2019இல் சுமார் 2,060ஆக இருந்த மூஸ்கள் 2024இல் சுமார் 840ஆயின. அப்போது ஓநாய்கள் ஏறத்தாழ 30.

பயண ஏற்பாடு

பூங்கா ஏப்ரல் நடுப்பகுதி முதல் அக்டோபர் இறுதி வரை மட்டுமே திறந்திருக்கும். குளிர்காலத்தில் முழுவதும் மூடப்படும் தேசியப் பூங்கா அமெரிக்காவில் இது ஒன்றுதான். மிச்சிகனின் ஹூட்டன், காப்பர் ஹார்பர் நகரங்களிலிருந்தும், மினசோட்டாவின் கிராண்ட் போர்டேஜிலிருந்தும் கப்பல்கள் வருகின்றன, நீர்விமானமும் உண்டு. ஹூட்டனிலிருந்து பூங்காவின் சொந்தக் கப்பலான ரேஞ்சர் 3 சுமார் ஆறு மணி நேரத்தில் தீவின் கிழக்கு முனையிலுள்ள ராக் ஹார்பரை அடைகிறது. மேற்கு முனையின் நுழைவாயில் விண்டிகோ.

ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் இருக்க அனுமதி இல்லை. வழிகாட்டி தடத்தையும் நாளாந்த நடையையும் திட்டமிடுகிறார், சமையலைக் கவனிக்கிறார், விலங்கின் தடயங்களைக் காட்டிச் சொல்லித் தருகிறார். கூடாரம், உறக்கப்பை, உடை, தன் பங்கு உணவு ஆகியவற்றை ஒவ்வொருவரும் தாமே சுமக்கிறார்கள். முகடுகளில் ஏறி இறங்கும் பாதையில் பாரத்துடன் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடப்பதே போதுமானது.

தீவின் முதுகெலும்பாக ஓடும் கிரீன்ஸ்டோன் முகட்டுத் தடம் ஏறத்தாழ 64 கிலோமீட்டர். மூஸ் காண விரும்புவோர் முகட்டில் மட்டும் நடக்காமல், இறங்கிவந்து ஏரியோரம் தங்க வேண்டும். விண்டிகோவுக்கு அருகிலுள்ள வாஷிங்டன் ஓடை, தென்மேற்கிலுள்ள ஃபெல்ட்மன் ஏரி, கிழக்குப் பகுதியில் ரிச்சி ஏரி, மாஸ்கி வளைகுடா ஆகியவை இதற்குப் பெயர்பெற்ற முகாமிடங்கள். டோபின் துறைமுகத்தை அடுத்த ஹிடன் ஏரியில் இயற்கையான உப்பு மண் இருப்பதால் மூஸ்கள் அதை நக்க வருகின்றன.

சில முகாமிடங்களில் மூன்று பக்கம் மரச்சுவரும் முன்பக்கம் கொசுவலையும் கொண்ட தங்குகூடங்கள் உண்டு. முதலில் வருபவருக்கே இடம். ஜூனிலும் ஜூலையிலும் கொசுவும் கருப்பு ஈயும் மிகுதி. கைப்பேசித் தொடர்பை நம்ப முடியாது. செந்நரிகள் இரவில் வெளியே விட்ட காலணியையும் கவ்விக்கொண்டு போய்விடும். ஆகவே காலணியைக் கூடாரத்துக்குள் வைப்பது வழக்கம். நாய் உள்ளிட்ட வளர்ப்பு விலங்குகளுக்கு அனுமதி இல்லை.

குடிநீர் தனிக் கவனத்துக்குரியது. மூஸின் உடலில் இளம்புழுப் பருவத்தையும், ஓநாயின் குடலில் முதிர்பருவத்தையும் கழிக்கும் ஹைடாடிட் நாடாப்புழுவின் முட்டைகள் உள்நாட்டு ஏரி நீரில் இருக்கலாம். குளோரின் மாத்திரை அவற்றைக் கொல்லாது. நீரைக் கொதிக்க வைக்க வேண்டும், அல்லது 0.4 மைக்ரான் அல்லது அதைவிட நுண்ணிய வடிகட்டியில் வடிக்க வேண்டும்.

தடயம் அறிதல்

மூஸ் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் தடயங்கள் படும். ஈர மண்ணில் இரண்டாகப் பிளந்த நீண்ட குளம்புச் சுவடு, குளிர்காலத்தில் இட்ட மரத்தூள் உருண்டை போன்ற புழுக்கை, உரிக்கப்பட்ட மரப்பட்டை ஆகியவை எளிதில் தெரிபவை. கிளை நுனியைக் கூர்ந்து பார்த்தால் கடித்தது யார் என்று தெரியும். முயல் கடித்த நுனி கத்தியால் சீவியதுபோல் சாய்வாக இருக்கும். மூஸுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. அது இழுத்து முறிப்பதால் நுனி நார்நாராகக் கிழிந்திருக்கும்.

ஃபர் மரங்களே தீவின் வரலாற்றைக் காட்டுகின்றன. மேற்குப் பகுதியில் பல பத்தாண்டு வயதுள்ள ஃபர் மரங்கள் ஆண்டுதோறும் மேயப்பட்டு இடுப்பளவுக்கு மேல் உயராமல் கட்டையாக நிற்கின்றன. மூஸுக்கு எட்டும் உயரத்தைத் தாண்டிய மரமே முதிர்ந்து விதையிடும். ஓநாய் குறைந்த ஆண்டுகளில் இளமரங்கள் வளர்வதும் குறைந்தது. ஒரு கட்டை மரத்தின் முன் நின்று வழிகாட்டி இதை விளக்கும்போது, கண்ணுக்குத் தென்படாத ஓநாயும் அந்த மரத்தில் இருப்பதைப் பயணி உணர்கிறார். இப்பயணம் தரும் ஆழமான அறிவு இதுவே.

பாதுகாப்பு

மூஸ் சாதுவாகத் தோன்றினாலும் ஆபத்தானது. கன்றோடு இருக்கும் தாயையும், இணைசேரும் காலத்து ஆணையும் நெருங்கவே கூடாது. காதுகளைப் பின்னால் மடக்குவது, திமில் மயிர் சிலிர்ப்பது, உதட்டை நக்குவது ஆகியவை தாக்கப்போவதன் அறிகுறிகள். அது முன்னங்காலால் ஓங்கி மிதிக்கும். பின்வாங்கிப் பெரிய மரத்தின் மறைவுக்குப் போவதே சரியான வழி, துரத்தினால் ஓடிவிடலாம்.

கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தி ஒரு கண்ணால் பார்க்கும்போது, விலங்கு முழுதும் விரலுக்குள் மறைந்தால் போதிய தொலைவு உண்டு என்பது பூங்காக்கள் கற்றுத்தரும் அளவுகோல். மேயும் மூஸ் தலை தூக்கி நம்மையே பார்க்கத் தொடங்கினால் அதன் மேய்ச்சல் கெட்டுவிட்டது என்று பொருள். குளிர்காலத்துக்கான கொழுப்பைச் சில மாதங்களுக்குள் சேர்க்க வேண்டிய விலங்குக்கு அது உண்மையான இழப்பு.

மூஸ்வாட்ச்

ஓநாய்–மூஸ் ஆய்வுத் திட்டம் மூஸ்வாட்ச் என்ற பெயரில் தன்னார்வலர்களை எலும்பு தேடும் பயணங்களுக்கு அழைத்துச் செல்கிறது. இது கடுமையான பயணம். வழிகாட்டியின் கீழ் சிறு குழுவாகச் சுமார் ஒரு வாரம், பாதை இல்லாத காட்டில், விழுந்த மரங்களையும் தேவதாருச் சதுப்புகளையும் கடந்து செல்கிறார்கள். ஒருவரையொருவர் பார்க்கும் தொலைவில் பரவி நடந்து, இறந்த மூஸின் எலும்புகளைத் தேடுகிறார்கள். கிடைத்தால் இடத்தைக் குறித்து, எலும்புகளை ஆராய்ந்து, மண்டையோடு, தாடை, பின்னங்காலின் நீண்ட எலும்பு ஆகியவற்றைத் தம் முதுகுச் சுமையோடு சேர்த்துக் கொண்டுவருகிறார்கள்.

பல பத்தாண்டுகளில் இப்படிச் சேர்ந்தவை சுமார் 5,000 மூஸ்களின் எலும்புகள். பல்லை அறுத்துப் பார்த்தால் மர வளையம்போல் ஆண்டு வளையங்கள் தெரியும். அதிலிருந்து இறந்த வயது கிடைக்கிறது. ஓநாய்கள் பெரும்பாலும் கன்றுகளையும், வயது முதிர்ந்தவற்றையும், மூட்டுவாதமோ ஈறு நோயோ கண்டவற்றையுமே வீழ்த்துகின்றன என்பது இவ்வெலும்புகளிலிருந்து உறுதியானது. பின்னங்கால் எலும்பு குட்டையாக இருந்தால் கன்றுப் பருவத்தில் உணவு குறைந்தது என்று பொருள். அப்படிப்பட்டவற்றுக்கு முதுமையில் மூட்டுவாதம் அதிகம் என்பதும் தெரிந்தது. இளமைப் பட்டினிக்கும் முதுமை மூட்டுவாதத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பு மனித மருத்துவத்திலும் கவனிக்கப்பட்டது.

இன்றைய நிலை

காலநிலை மாற்றம் இத்தீவை நேரடியாகத் தொடுகிறது. கரைக்கும் தீவுக்கும் இடையே பனிப்பாலம் அமைவது அரிதாகிவிட்டதால், புதிய ஓநாய்கள் தாமாக வந்து சேர்வது கடினம். வெப்பமான கோடைகள் மூஸின் மேய்ச்சல் நேரத்தைக் குறைக்கின்றன. வனாந்தரத்தில் மனிதர் தலையிட்டு ஓநாய்களைக் கொண்டுவரலாமா என்று பல ஆண்டுகள் நடந்த விவாதத்துக்குப் பிறகே 2018இல் அந்த முடிவு எடுக்கப்பட்டது.

குளிர்காலக் கணக்கெடுப்பு, உறைந்த துறைமுகத்தில் இறங்கும் சிறு விமானங்களை நம்பியிருக்கிறது. 2024இல் பனிக்கட்டி உறுதியாக அமையாததால் அது பாதியிலேயே நிறுத்தப்பட்டது. வானிலிருந்து எண்ணும் வாய்ப்பு இப்படிச் சுருங்கும் ஆண்டுகளில், கோடையில் நடந்து சேர்க்கும் எலும்புகளின் மதிப்பு கூடுகிறது. இறந்த ஆண்டு, வயது, உடல்நிலை ஆகிய மூன்றையும் அவை தருகின்றன. மூஸைக் காண வருபவர் அறிவியலுக்குத் தம் உழைப்பையும் தந்து செல்ல வழியுள்ள அரிய இடமாக ஐல் ராயல் விளங்குகிறது.