மருந்தே நஞ்சான வரலாறு

போதைக்கு அடிமையான ஒருவனைக் கண்டால், "மன உறுதி அற்றவன்" என்று எளிதிற் சொல்லிவிடுகிறோம். ஒரு காலத்தில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அபினின் வரலாற்றைக் கற்ற பின்னரே என் எண்ணம் மாறியது.

நம் சமையலுக்கு உதவும் கசகசாவைத் தரும் செடியே அபினையும் தருகிறது. அதன் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபின் ஆகும். வலி தணிக்கவும் உறக்கம் தரவும் மருத்துவர்கள் பன்னூறு ஆண்டுகளாக அதனைக் கையாண்டனர். ஆனால், உண்டவர் பலர் பின்னர் அதனை விட இயலாது தவித்தனர்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செர்ட்டூர்னர் என்ற ஜெர்மானிய இளைஞர் அபினின் சாரத்தைப் பிரித்தெடுத்தார். தம்மையும் வேறு மூன்று இளைஞர்களையும் கொண்டே அதனைச் சோதித்து, 1817-இல் முடிவுகளை வெளியிட்டார். கனவுக்குரிய கிரேக்கத் தெய்வத்தின் பெயரால் அது மார்பின் எனப்பட்டது. 1853-இல் எடின்பரோ மருத்துவர் அலெக்சாண்டர் உட், அதனை ஊசி வழியே செலுத்தினார். ஊசியாற் செலுத்தினால் வேட்கை எழாது என்று நம்பியோர் உண்டு. அபின் பழக்கத்தைத் தீர்க்கவே மார்பினைக் கொடுத்தோரும் உண்டு. விளைவு யாது? அபினை விட்டவர் மார்பினிடம் சிக்கினர்.

1898-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ஹெராயினை இருமல் மருந்தாக விற்பனைக்குக் கொணர்ந்தது. மார்பின் பழக்கத்துக்கு இதுவே மாற்று என்றும் சிலர் கூறினர். மார்பினினும் வலிய பகை அது என்பது விரைவில் விளங்கிற்று. 1913-இல் அந்நிறுவனம் அதன் உற்பத்தியை நிறுத்தியது.

கற்றறிந்த மருத்துவர்களே இருமுறை ஏமாந்தனர் எனில், "நான் சிக்கமாட்டேன்" என்று ஓர் இளைஞன் துணிவது எத்துணைப் பேதைமை! இப்பொருள்களுக்கு மூளை பழகிப்போகிறது. அளவு ஏறுகிறது. நிறுத்தினால் வாந்தி, உடல்வலி, உறக்கமின்மை ஆகியவை வாட்டுகின்றன. அளவு மிகுந்தால் மூச்சே நின்றுவிடுகிறது. சில காலம் விட்டிருந்தவன் மீண்டும் பழைய அளவையே கொண்டால், தாங்கும் ஆற்றல் குறைந்த உடல் மாண்டுபோகவும் கூடும்.

1960-களில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்னும் மருத்துவர் இருவர் புதுவழி கண்டனர். அவர்கள் கொடுத்த மெத்தடோனும் அபினைப் போன்று செயற்படுவதே. ஆனால் முன்னையோர், "இது தீங்கற்றது" என்று கொடுத்தனர்; இவர்களோ, இதுவும் அடிமைப்படுத்தும் என்பதை அறிந்தே, அளவிட்டு, நாள்தோறும் கண்காணித்துக் கொடுத்தனர். அடிமையானவனைக் குற்றவாளியாகக் கருதாமல் நோயாளியாகக் கருதினர். 2005-இல் உலகச் சுகாதார நிறுவனம் மெத்தடோனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது.

1985-ஆம் ஆண்டின் இந்தியப் போதைப்பொருள் சட்டத்திலும் இக்கருத்து இடம் பெற்றுள்ளது. சிறிதளவே வைத்திருந்து அகப்பட்ட அடிமை, தானே முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்கினின்று விலக்குப் பெற அதில் வழி உண்டு.

ஆகவே நண்பர்களே, உங்கள் தோழன் ஒருவன் இவ்வலையிற் சிக்கினால் அதை மறைக்காதீர்கள். அவனை வெறுத்து ஒதுக்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நலமுற்றவன் மீண்டும் ஒருமுறை வழுவினாலும் கைவிடாதீர்கள். நீண்ட நாள் நோய்க்கு நீண்ட நாள் துணை வேண்டும் அன்றோ?