மீட்புப் பென்டிரைவ்: ஃபிளாப்பி காலம் முதல் திருப்பூர் பனியன் அலுவலகங்கள் வரை

மீட்புப் பென்டிரைவ் என்பது, கணினியின் ஹார்டு டிஸ்கில் உள்ள இயங்குதளம் எழ மறுக்கும்போது, கணினியை வெளியிலிருந்து இயக்க உதவும் கருவித் தொகுப்பு ஆகும். அதில் தனியாக ஒரு சிறிய இயங்குதளமும், டிஸ்கைச் சோதிக்கவும் கோப்புகளை நகலெடுக்கவும் அழிந்தவற்றைத் தேடவும் உதவும் நிரல்களும் இருக்கும். கணினி பழுதுபார்ப்பவர்கள் இதைப் ‘பூட்டபிள் பென்டிரைவ்’ என்று அழைப்பர்.

திருப்பூர் போன்ற ஊரில் இதன் தேவை தொழிலின் அமைப்பிலிருந்தே வருகிறது. ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல் எனத் துணி பல கைகள் மாறும். 1978-ல் இத்தாலிய வணிகர் வெரோனா வந்ததிலிருந்து ஏற்றுமதி தொடங்கியதாக ஊரில் சொல்வார்கள். 1990-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. ஏற்றுமதி வளர வளர, ஜாப் ஒர்க் செய்யும் சிறு நிறுவனங்களும் பெருகின. யார் எத்தனை கிலோ அனுப்பினார், எத்தனை கிலோ திரும்பியது, எவ்வளவு பாக்கி என்ற கணக்கு, சலான் புத்தகத்திலிருந்து மெல்ல டேலி மென்பொருளுக்கு மாறியது.

டேலி ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கையும் 10000, 10001 என்பது போன்ற எண் பெயர் கொண்ட ஒரு ஃபோல்டரில் வைக்கிறது. ஒரு சிறு நிறுவனத்தின் பல ஆண்டு வரவு செலவு அந்த ஒரே ஃபோல்டரில் அடங்கிவிடும். அது போனால் காகிதச் சலான்களை வைத்து முதலிலிருந்து ஏற்ற வேண்டும், அதுவும் ஜி.எஸ்.டி. தாக்கல் தேதி நெருங்கும் வாரத்தில்.

இங்கேதான் ‘ஃபார்மட் அடிப்பது’ என்ற பழக்கம் ஆபத்தாகிறது. சிஸ்டம் எழவில்லை என்றால் சி டிரைவை அழித்துவிட்டுப் புதிதாக ஓ.எஸ். போடுவது சர்வீஸ் கடைகளின் வழக்கமான தீர்வு. ‘டி டிரைவில் இருப்பதெல்லாம் பத்திரம்’ என்று வாடிக்கையாளருக்கு உறுதியும் சொல்லப்படும். ஆனால் டேலி ஈ.ஆர்.பி. 9 தன் கணக்கு ஃபோல்டரை இயல்பாக சி டிரைவிலேயே அமைத்தது. டெஸ்க்டாப்பில் சேமித்த இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், எம்பிராய்டரி பஞ்சிங் டிசைன் ஆகியனவும் சி டிரைவில்தான் இருக்கும். அழிப்பதற்கு முன் வெளியிலிருந்து பூட் செய்து பத்து நிமிடம் நகலெடுத்திருந்தால் தப்பியிருக்கக்கூடிய கணக்குகள் இப்படித்தான் போகின்றன.

வெளியிலிருந்து எழுப்புதல்

டாஸ் காலத்தில் எல்லாக் கணினிகளும் ஃபிளாப்பியிலிருந்து எழக்கூடியவை என்பதால், மீட்பு ஃபிளாப்பி என்பது தனிக் கண்டுபிடிப்பு அல்ல. அதன் அருமை ஆசியாவில் பரவலாக உணரப்பட்ட நாள் 1999 ஏப்ரல் 26. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சி.ஐ.எச். வைரஸ் அன்று விழித்துக்கொண்டது. இந்தியா, தென்கொரியா, துருக்கி உள்ளிட்ட நாடுகளில் கணினிகள் முடங்கின. அது டிஸ்கின் முதல் ஒரு மெகாபைட் பகுதியைப் பூஜ்யங்களால் நிரப்பியது. சில கணினிகளில் பயாஸ் சிப்பையும் கெடுத்தது. சிப் கெட்டவற்றுக்குச் சிப்பையே மாற்ற வேண்டியிருந்தது.

டிஸ்க் காலியாகிவிட்டதாகத்தான் தோன்றியது. உண்மையில், கோப்புகள் எங்கெங்கே உள்ளன என்று சொல்லும் அட்டவணையை ஃபேட்32 முறை இரண்டு படிகளாக வைத்திருக்கும். பெரிய டிஸ்குகளில் இரண்டாவது படி அந்த முதல் மெகாபைட்டுக்கு அப்பால் இருந்ததால் தப்பியது. ஃபிளாப்பியிலிருந்து எழுப்பி, இரண்டாம் படியை முதலாவதன் இடத்தில் எழுதினால் கோப்புகள் திரும்பின. வங்கதேச மாணவர் ஒருவர் இதற்கென எழுதிய சிறு நிரல் அப்போது பலருக்கும் கைகொடுத்தது. அவசரப்பட்டு ஃபார்மட் செய்தவர்களிடம் அந்த இரண்டாம் படியும் மிஞ்சவில்லை.

ஃபிளாப்பியின் கொள்ளளவு 1.44 மெகாபைட் மட்டுமே. சி.டி.யிலிருந்து கணினியை எழுப்பும் முறையை ஃபீனிக்ஸ், ஐ.பி.எம். நிறுவனங்கள் 1995 ஜனவரியில் வரையறுத்தன. அதற்கு ‘எல் டொரிட்டோ’ என்று பெயர். வடிவமைத்தவர்கள் சந்தித்துப் பேசிய உணவகத்தின் பெயர் என்பார்கள். ஜெர்மானியர் கிளவுஸ் நாப்பர் 2000-ல் வெளியிட்ட நாப்பிக்ஸ், ஏறத்தாழ 2 ஜி.பி. மென்பொருளைச் சுருக்கி ஒரே சி.டி.யில் அடக்கியது. டிஸ்கில் ஒரு எழுத்தும் எழுதாமல் முழு லினக்ஸ் மேசை திரையில் எழுந்தது. விண்டோஸ் படுத்துவிட்ட கணினியில் அதன் கோப்புகளை மட்டும் நிதானமாகத் திறந்து பார்க்க முடிந்தது.

விண்டோஸ் பழகியவர்களுக்கு ஹிரன்ஸ் பூட் சி.டி. நெருக்கமானது. சர்வீஸ் கடைகள் பலவற்றின் மேசை இழுப்பறையில் அதன் நகல் இருந்தது. அதில் ஒரு சங்கடம் உண்டு: விலைக்கு விற்கப்படும் மென்பொருள்கள் பல அதில் உரிமம் இல்லாமல் சேர்க்கப்பட்டிருந்தன. 2012 நவம்பரில் வந்த 15.2 பதிப்போடு அந்தப் பழைய வரிசை நின்றது. 2018-ல் இலவச மென்பொருள்களை மட்டும் கொண்ட புதிய வடிவம் வந்தது.

சி.டி.யின் இடத்தைப் பென்டிரைவ் பிடித்தது பின்னால்தான். 2000-ல் விற்பனைக்கு வந்தபோது அதில் 8 மெகாபைட் அளவே இருந்தது. ரூஃபஸ் (2011), வென்டாய் (2020) போன்ற இலவச நிரல்கள் அதைத் தயாரிப்பதை எளிதாக்கின. வென்டாய் இட்ட பென்டிரைவில் பல ஐ.எஸ்.ஓ. கோப்புகளைச் சும்மா நகலெடுத்துப் போட்டால் போதும். எழும்போது ஒரு பட்டியல் வரும்.

மின்வெட்டுக் காலம்

2008-க்குப் பிந்தைய ஆண்டுகளில், குறிப்பாக 2012-ல், தமிழ்நாடு கடும் மின்வெட்டைக் கண்டது. சரியான யு.பி.எஸ். இல்லாமல் சட்டென்று அணையும் கணினியில் விண்டோஸ் எக்ஸ்.பி. தன் பதிவேட்டுக் கோப்பைப் பாதியில் விட்டுவிடும். மறுமுறை போட்டால், கருப்புத் திரையில் ‘சிஸ்டம் கோப்பு சேதமடைந்துள்ளது’ என்ற செய்தியோடு நின்றுவிடும். விண்டோஸ் ஓடும்போது அந்தக் கோப்புகளைத் தொட முடியாது. வெளியிலிருந்து எழுப்பினால் அவையும் சாதாரணக் கோப்புகளே. முந்தைய மீட்புப் புள்ளியில் சேமிக்கப்பட்ட ஐந்து பதிவேட்டுக் கோப்புகளை எடுத்து உரிய இடத்தில் வைத்தால் கணினி பழையபடி எழும். ஃபார்மட் தேவையே இல்லை.

டிஸ்க் ‘டிக் டிக்’ என்று ஒலிக்கத் தொடங்கிவிட்டால் கதை வேறு. அப்போது பிழைதிருத்தும் நிரலை ஓட்டுவது சாகும் டிஸ்கை இன்னும் அலைக்கழிப்பதாகும். டி.டி.ரெஸ்கியூ என்ற நிரல் முதலில் நல்ல பகுதிகளை வேறொரு டிஸ்குக்கு நகலெடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளைக் கடைசியில்தான் முயலும். அந்த நகலின் மீது டெஸ்ட்டிஸ்க் நிரலைக் கொண்டு தொலைந்த பகுதிகளைத் தேடலாம். இந்த வரிசையை மாற்றினால் இரண்டாம் வாய்ப்பு இருக்காது.

கடவுச்சொல் மறந்த கணினியைத் திறக்க உதவும் நிரல்களும் இதே தொகுப்புகளில் இருந்தன. பென்டிரைவ் கையில் உள்ள எவரும் முதலாளியின் கணக்கைப் பார்க்கலாம், விலைப்பட்டியலை எடுத்துச் செல்லலாம். மீட்பவருக்குத் திறக்கும் கதவு திருடுபவருக்கும் திறக்கும்.

கதவு பூட்டப்படுதல்

2017 ஜூன் 27 அன்று பரவிய நாட்பெட்யா, மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு கன்டெய்னர் முனையத்தையும் முடக்கியது. கணினி மறுபடி எழும்போது அது டிஸ்கைச் சரிபார்ப்பது போலத் திரையில் நடித்துக்கொண்டே கோப்பு அட்டவணையைப் பூட்டியது. அந்தத் திரை தெரிந்ததும் மின்சாரத்தைத் துண்டித்து, வெளியிலிருந்து எழுப்பினால் அதுவரை பூட்டப்படாத கோப்புகளை எடுக்க முடிந்தது. பூட்டி முடித்த பின் எந்தப் பென்டிரைவும் உதவவில்லை.

2024 ஜூலை 19 இந்திய நேரம் காலை 9.39 மணிக்கு கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்கள் கையால் எழுதப்பட்டன. தீர்வு எளிது: 291 என்ற எண் கொண்ட ஒரு கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் எழாத கணினியை இணையம் வழியாக அடைய முடியாது. பெரும்பாலானவற்றுக்கு ஓர் ஆள் நேரில் செல்ல வேண்டியிருந்தது. மறுநாளே மைக்ரோசாஃப்ட் இதற்கென யு.எஸ்.பி. மீட்புக் கருவியை வெளியிட்டது.

அப்போதும் பலரை நிறுத்தியது பிட்லாக்கர். டிஸ்க் முழுவதையும் மறைகுறியாக்கும் அது, 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் வெளியிலிருந்து எழுப்பியவருக்குக் கோப்பைக் காட்டாது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், தகுதியுள்ள கணினிகளில், ஹோம் பதிப்பு உட்பட, இந்த மறைகுறியாக்கம் தானாகவே இயங்கத் தொடங்குகிறது. மீட்பு எண் அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்படும். சிறு அலுவலகங்களில் அந்தக் கணக்கைக் கணினி போட்டுக்கொடுத்த டெக்னீஷியனே ஏதோ ஒரு மின்னஞ்சலில் தொடங்கியிருப்பதும் உண்டு. கணினி எழாத காலையில் பென்டிரைவைத் தேடுவதற்கு முன் அந்த மின்னஞ்சல் யாருடையது என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது.