சுவையுணர்திறனும் தேநீரின் ஸ்ட்ராங்கும்

ஒரே கெட்டிலில் போட்ட தேநீர் ஒருவருக்குச் சப்பென்றும் மற்றவருக்கு வாய் கூசும்படியும் இருக்கலாம். இதற்குப் பழக்கம் ஒரு காரணம். பிறவியிலேயே நாக்குக்கு நாக்கு உள்ள வேறுபாடு இன்னொன்று. ஸ்ட்ராங் என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவதில் கசப்பும் துவர்ப்பும் கலந்திருக்கின்றன. ஒருவர் இரண்டையும் ஒரே அளவில் உணர்வார் என்பதில்லை.

தேநீரின் கசப்பு பெரும்பாலும் கஃபீனிலிருந்தும் கேட்டசின்கள் என்னும் பாலிஃபீனால்களிலிருந்தும் வருகிறது. மனிதருக்குக் கசப்பை உணரும் ஏற்பிகள் ஏறத்தாழ 25 வகை. ஒவ்வொன்றுக்கும் தனி மரபணு உண்டு. அதன் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். 1931இல் டூபான்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸ் கையாண்ட ஃபீனைல்தயோகார்பமைடு தூள் காற்றில் பறந்தபோது, உடனிருந்தவருக்கு அது கசந்தது; ஃபாக்ஸுக்கோ எந்தச் சுவையும் தெரியவில்லை. அந்த வேறுபாட்டுக்குப் பெரிதும் காரணமான மரபணு 7ஆம் குரோமோசோமில் இருப்பது 2003இல் கண்டறியப்பட்டது. இத்தகைய சேர்மங்களை மிகக் கடுமையாக உணர்வோரை 'சூப்பர்டேஸ்டர்' என்று 1990களில் பெயரிட்டவர் அமெரிக்க ஆய்வாளர் லிண்டா பார்ட்டோஷுக்.

கசப்பை அதிகம் உணர்பவர் தேநீரை ஒதுக்குவார் என்று எதிர்பார்ப்போம். பிரிட்டனின் 'யுகே பயோபேங்க்' தொகுப்பிலிருந்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டியது. கஃபீனின் கசப்பை மரபுவழி கூடுதலாக உணர்வோர் காப்பியை அதிகமாகவும் தேநீரைக் குறைவாகவும் குடித்தனர். குயினைன் போன்ற பிற கசப்புகளைக் கூடுதலாக உணர்வோரோ காப்பியைக் குறைத்துத் தேநீரை நாடினர். கஃபீன் தரும் ஊக்கத்தை அதன் கசப்போடு சேர்த்தே மூளை பழகிக்கொள்கிறது என்பது ஆய்வாளர் தரும் விளக்கம். மரபின் பங்கு சிறியதுதான். ஆனாலும் 'கசப்பு தாங்காத நாக்கு' என்று பொதுவாகச் சொல்வது தவறு. எந்தக் கசப்பு என்று கேட்க வேண்டும்.

துவர்ப்பின் கதை வேறு. நம் அறுசுவைக் கணக்கில் அது ஒரு சுவை. இன்றைய உடலியலாளர் பலர் அதைத் தொடுவுணர்வோடு சேர்க்கின்றனர். தேயிலையின் பாலிஃபீனால்கள் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றித் திரளச் செய்வதால் வாயின் வழவழப்பு குறைகிறது. உமிழ்நீர் சுரக்கும் அளவும் அதன் புரதமும் ஆளுக்கு ஆள் மாறுவதால், துவர்ப்பின் கடுமையும் மாறுகிறது. பாலின் கேசின் புரதம் அந்தப் பாலிஃபீனால்களைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. டீக்கடை டிகாஷன் அவ்வளவு கடுமையாக இருந்தும் பால் சேர்ந்ததும் தொண்டையில் இதமாக இறங்குவது இதனால்தான். சர்க்கரை கசப்பை அமுக்கும். உப்பும் அமுக்கும், காஷ்மீரின் நூன் சாய் உப்பிட்டே குடிக்கப்படுகிறது.

ஆகவே, தேநீர் கடுக்கிறது என்பவர்கள் முதலில் தண்ணீரைக் கூட்டுவது சரியான வழியன்று. மணமும் அதோடு நீர்த்துப்போகும். வெந்நீரின் சூட்டையோ இலை ஊறும் நேரத்தையோ குறைப்பதே மேல். சூடு குறைந்தால் கேட்டசின்கள் மெதுவாகவே இறங்கும். இனிமையும் உமாமியும் தரும் தியானின் குறைந்த சூட்டிலும் நன்கு கரையும். நிழலில் வளர்த்த கியோகுரோ என்னும் பச்சைத் தேயிலையை ஜப்பானியர் 50, 60 பாகை செல்சியஸில் ஊறவைப்பதன் சூட்சுமம் இதுவே. மாறாக, பொடியாக அரைபட்ட சிடிசி தூளில் சாறு விரைவாக இறங்கிவிடும். அங்கே நேரத்தைவிடத் தூளின் அளவைக் குறைப்பதே பலன் தரும். ஸ்ட்ராங் வேண்டியவர்களும் அதிக நேரம் கொதிக்கவிடாமல் தூளைக் கூட்டினால் துவர்ப்பு அவ்வளவாக மிகாது.

வயது ஏறும்போது சுவையுணர்வு மங்குவது இயல்பு. முன்பு விரும்பிய தேநீர் சப்பென்று தோன்ற அதுவும் காரணமாகலாம். ஆக, எல்லா நாக்குக்கும் பொருந்தும் ஒரே அளவு என்று ஒன்றில்லை. 100 மில்லி நீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் என்ற ஐஎஸ்ஓ 3103 தரமுறை, தேயிலைகளை ஒப்பிட்டுச் சோதிப்பதற்காக வகுக்கப்பட்டது. பால் சேர்க்காமல் அப்படியே குடித்தால் பலருக்கு அது கடுமையாகத் தோன்றும்.