தேயிலை மண்ணும் பொசுபேற்றுப் பற்றீரியாவும்

மண்ணிலே பொசுபேற்று இருந்தும் பயிருக்கு அது கிட்டாமற் போவதுண்டு. ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளின் தேயிலை மண் இதற்குத் தக்க சான்றாகும். தேயிலை அமில மண்ணையே விரும்புவது. அம்மண்ணிலோ இரும்பும் அலுமினியமும் மிகுதி. இட்ட பொசுபேற்றை அவை இறுகப் பற்றிக்கொள்கின்றன. 19ஆம் நூற்றாண்டிற் காடழித்துக் கோப்பியும், இலைநோயால் அது மடிந்தபின் தேயிலையும் நட்ட சரிவுகளிலே, நுண்ணுயிர் வாழும் மேல்மண்ணும் மழையோடு பெரிதும் போயிற்று.

நுண்ணுயிர் கொண்டே இப்பூட்டைத் திறக்க முயன்றோருள் சோவியத் அறிஞர் முன்னின்றனர். பசிலசு மெகாதேரியம் என்னும் பற்றீரியாவிலிருந்து ஆக்கிய 'பொசுபோபற்றீரின்' அங்கே பெருமளவிற் பயன்பட்டது. 1948இல் பிக்கோவ்ஸ்காயா என்னும் ஆய்வாளர், கல்சியம் பொசுபேற்றுக் கலந்த வளர்ப்பூடகமொன்றை வெளியிட்டார். பற்றீரியா சுரக்கும் அமிலம் அதனைக் கரைத்த இடத்திலே தெளிந்த வளையம் தோன்றும். இன்றும் ஆய்வுகூடங்களில் முதற் சோதனை இதுவே. ஆயினும் 1962இல் அமெரிக்க வேளாண் திணைக்களம் வெளியிட்ட அறிக்கை, பொசுபோபற்றீரினுக்குச் சாதகமாக அமையவில்லை.

வளையம் காட்டுவது கல்சியத்தின் கரைவை மாத்திரமே. தலவாக்கலை மண்ணின் பூட்டோ இரும்பும் அலுமினியமும். கண்ணாடித் தட்டிலே அழகிய வளையம் இட்ட பற்றீரியா, தோட்டத்திலே வாளாவிருப்பின் வியப்பில்லை.

அப்படியானால் இங்கு அதற்கு வேலையே இல்லையா? உண்டு. 1971இல் அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையிற் கண்டறியப்பட்ட பாறைப் பொசுபேற்று, கல்சியத்தோடு பிணைந்தது, எளிதிற் கரையாதது. குறுகிய வயதுடைய நெல்லுக்கு அது உதவாது. பல்லாண்டு நிற்கும் தேயிலைக்கு அமில மண்ணில் மெல்லக் கரைந்து உதவும். அக்கரைவை வேரருகே விரைவுபடுத்துவதே பற்றீரியாவுக்கு ஏற்ற பணி என்பது எம் கருத்து.

பூட்டைத் திறக்கலாம், களஞ்சியத்தில் இல்லாததைத் தரவியலாது. கொழுந்துப் பயிரான தேயிலைக்கு மிகுதியாக வேண்டுவது நைதரசன். பொசுபேற்றைக் கரைக்கும் தொழில் அதனைத் தராது. 2021 ஏப்ரலில் இரசாயனப் பசளை இறக்குமதித் தடை அறிவிக்கப்பட்டபோது, உயிர்ப்பசளை அவ்விடத்தை நிரப்பும் என்று நம்பியோர் இவ்வேறுபாட்டை எண்ணவில்லை. நவம்பரிலே தடை நீங்கிற்று. ஆயினும் 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை விளைவு 2022இல் 25 கோடியளவுக்கு இறங்கியது. தோட்டங்களிலே நாளுக்குரிய கொழுந்து நிறையை எட்டாதவளுக்கு 'அரைப்பேர்' போடுவர். அஃதாவது பாதிக் கூலி.