எந்தக் கார்டு போடலாம்?

சென்னை ரிச்சி தெருவில் கணினி வாங்கப் போனவர்களுக்குக் கொட்டேஷன் சீட்டு பழக்கமான ஒன்று. புராசஸர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எம்.பி.எஸ்., காபினெட் என்று வரிசையாக எழுதி, எதிரே விலையைப் போட்டுக் கடைக்காரர் நீட்டுவார். அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுப்பவர்கள் குறைவு. நாலு கடை ஏறி இறங்கி நாலு சீட்டைச் சேர்த்துக்கொண்டு, விஷயம் தெரிந்த ஒருவரைத் தேடிப் போவார்கள். "அண்ணே, இதுல கேம் ஓடுமா?"

தொலைக்காட்சிப் பெட்டி வாங்குகிறவர் அதற்குள் என்ன சிப் இருக்கிறது என்று விசாரிப்பதில்லை. கணினிக்கு மட்டும் இந்த விசாரணை வந்ததற்குக் காரணம் ஐ.பி.எம். நிறுவனத்தின் அவசரம். ஆப்பிளும் மற்றவர்களும் சிறு கணினிச் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். ஃபுளோரிடாவின் போகா ரேட்டனில் ஒரு சிறிய குழு ஏறக்குறைய ஓராண்டில் போட்டிக்கு ஒரு கணினியை முடித்தாக வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்ய நேரமில்லை. புராசஸர் இன்டெல்லிடமிருந்து வந்தது, இயங்குதளம் மைக்ரோசாஃப்டிடமிருந்து. கூடுதல் கார்டுகள் செருக 5 ஸ்லாட். போதாததற்கு சர்க்யூட் வரைபடத்தையே கையேடாக அச்சிட்டு விற்றார்கள். 1981 ஆகஸ்ட் 12 அன்று அந்தக் கணினி வெளியானபோது, பிறர் தொடமுடியாதபடி மிஞ்சியிருந்தது, கணினியைத் துவக்கிவைக்கும் பயாஸ் மென்பொருள் ஒன்றுதான். அதற்கு ஈடானதைக் காம்பாக் நிறுவனம் அடுத்த ஆண்டே காப்பியடிக்காமல் தானே எழுதிக்கொண்டது. 1984-ல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அப்படியொரு பயாஸை விலைக்கே விற்கத் தொடங்கிவிட்டது. அதன்பின் யார் செய்த பாகத்தையும் யார் செய்த பெட்டியிலும் பூட்டலாம் என்றாயிற்று. யாரிடமாவது கேட்டே ஆகவேண்டும் என்றும் ஆயிற்று.

முதலில் கேள்வி எளிதாகவே இருந்தது. 1993 டிசம்பரில் 'டூம்' விளையாட்டு வந்தபோது புராசஸர் 386-ஆ 486-ஆ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சத்தம் வேண்டுமென்றால் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் விற்ற சவுண்ட் பிளாஸ்டர். அவ்வளவுதான்.

சிக்கல் 1996-ல் வந்தது. அப்போது சைரிக்ஸ் என்றொரு நிறுவனம் இன்டெல்லைவிடக் குறைந்த விலைக்குப் புராசஸர் விற்றது. அதன் 6எக்ஸ்86 வரிசையில் 'பி200+' என்று பெயரிட்ட சிப் ஓடியது 150 மெகாஹெர்ட்ஸில்தான். ஆனாலும் கடிதம் அடிப்பது, கணக்குப் போடுவது போன்ற வேலைகளில் அது 200 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்குச் சளைக்கவில்லை. விவரம் தெரிந்தவர்களே தைரியமாகச் சிபாரிசு செய்தார்கள். ஜூன் மாதம் 'குவேக்' விளையாட்டு வெளியானது. அதன் முப்பரிமாணக் காட்சிக்குத் தசமக் கணக்கு ஏராளமாகத் தேவைப்பட்டது. அந்தக் கணக்கைப் போடும் பகுதி பென்டியத்தில் வேகமானது. குவேக்கை எழுதியவர்களும் அதற்கேற்பவே நிரலைச் செதுக்கியிருந்தார்கள். சைரிக்ஸ் வாங்கியவர்கள் திரையில் படம் தத்தித் தத்தி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாங்கும்போது ஒருவரும் விசாரிக்காத மூலையிலிருந்து அடி விழுந்தது.

அதே ஆண்டு முப்பரிமாணக் காட்சிக்கென்றே 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு வந்தது. ஏற்கெனவே உள்ள டிஸ்பிளே கார்டை எடுக்கக் கூடாது. அதன் பக்கத்தில் இதைச் செருகி, வெளியே ஒரு கேபிளால் இரண்டையும் இணைக்க வேண்டும். நினைவகம் 4 எம்.பி. 1997 ஜனவரியில் இந்தக் கார்டுக்கு ஏற்ற குவேக் பதிப்பு வந்ததும், கணினி விளையாட்டுக்காரர்களின் பேச்சு புராசஸரை விட்டு கிராபிக்ஸ் கார்டுக்குத் தாவியது. இன்றுவரை அது அங்கிருந்து இறங்கவில்லை. 3டிஎஃப்எக்ஸ் மட்டும் நிலைக்கவில்லை. 2000 டிசம்பரில் அதன் சொத்துகளை வாங்கிக்கொண்டது என்விடியா.

ஆலோசனை கேட்டவர்களுக்குப் பொற்காலம் என்றால் 1998 ஆகஸ்ட்தான். ஒரே நாளில் இன்டெல் இரண்டு சிப்களை இறக்கியது. பென்டியம் 2 வரிசையில் 450 மெகாஹெர்ட்ஸ் சிப், 669 டாலர். ஏழைகளுக்கான செலரான் 300ஏ, 149 டாலர். மதர்போர்டின் பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100-க்கு உயர்த்தினால் செலரானும் 450-ல் ஓடியது. பெரும்பாலான சிப்கள் அதைத் தாங்கின. விளம்பரத்தில் இல்லாத இந்தச் செய்தி வாய்வழியாகவே உலகம் சுற்றியது. தெரிந்த ஆளிடம் கேட்பதால் என்ன பயன் என்று யாராவது கேட்டால், இந்த ஒரு சிப்பைக் காட்டினால் போதும்.

இந்தியா 1997-ல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. உதிரிபாகங்களின் சுங்க வரி இறங்கத் தொடங்கி, 2005-ல் இல்லாமலே போனது. அசெம்பிள்டு கணினி நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டியது. ஆனால் கைக்கு வந்த ஆலோசனை பெரும்பாலும் அமெரிக்கச் சோதனைக் கூடங்களில் விளைந்தது. அங்கே மின்சாரம் ஒரு பேச்சே இல்லை. 2002-ல் வந்த ரேடியான் 9700 புரோ கிராபிக்ஸ் கார்டு, ஸ்லாட்டில் கிடைக்கும் மின்சாரம் போதாமல், கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி வயர் கேட்டது. இங்கோ எஸ்.எம்.பி.எஸ். என்பது காபினெட்டோடு சும்மா வருவது. 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கனமான கார்டைப் பூட்டி அரைமணி நேரம் விளையாடினால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உண்மைத் திறன் தெரிந்துவிடும். போதாக்குறைக்கு அந்தக் காலத்து மதர்போர்டுகளில் கெப்பாசிட்டர் உப்பிப்போகும் வியாதி வேறு. 2008-லிருந்து சில ஆண்டுகள் தமிழ்நாட்டை ஆட்டிவைத்த மின்வெட்டில் இன்னொரு பாடமும் கிடைத்தது. விலையுயர்ந்த நல்ல எஸ்.எம்.பி.எஸ். சிலவற்றுக்கு மலிவு யூ.பி.எஸ்.ஸின் சதுர அலை ஒத்துவரவில்லை. கரண்டு போனதும் இரண்டும் சேர்ந்தே அணைந்தன.  இதைப் பக்கத்துத் தெரு சர்வீஸ்காரர்தான் சொன்னார்.

பிறகு வந்த கதை விலையின் கதை. 2017-லும் 2021-லும் கிரிப்டோ சுரங்கக்காரர்கள் கார்டுகளை மொத்தமாக அள்ளிப் போனார்கள். 2020 செப்டம்பரில் 699 டாலர் என்று அறிவிக்கப்பட்ட ஆர்டிஎக்ஸ் 3080-ஐ அந்த விலைக்குப் பார்த்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். எது நல்ல கார்டு என்ற கேள்வி போய், எது கிடைக்கிறது என்பது கேள்வியானது. 2022 செப்டம்பரில் எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டு கார்டுகளின் தேவையைக் கைவிட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

இத்தனை ஆண்டுகளிலும் கொட்டேஷன் சீட்டில் சண்டையே இல்லாத வரி ராம்தான். எத்தனை ஜி.பி. என்று கேட்பார்கள், எழுதிக்கொள்வார்கள். செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சிப்களை வாரிக்கொள்ள, 2025-ன் கடைசி மாதங்களில் அந்த வரியின் விலை பலமடங்கு ஏறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், குரூசியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த ராம் வணிகத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. இப்போது சீட்டு எழுதி வாங்குகிறவர்கள் கார்டைப் பற்றி விசாரிப்பதற்குமுன் ராம் விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.